இருளாயி கொடுத்த துரும்பு

“தீத்துவிட்டாகன்னு சொல்லாத ஜெயக்கொடி. என் மருமகளை ஒருத்தரும் தீத்துவிடல.”

“அப்ப ஊருக்கு முன்னால துரும்பு கைமாறுனது பொய்யா மதினி?”

“கைமாறுனது நெசம். யாரு கையில இருந்து யாரு கைக்குப் போச்சுன்னு சொல்லு பாப்போம்.”

“அதெல்லாம் எனக்கென்னத்துக்கு? வெங்குட்டம் பிடிச்சவ. இப்பக் கப்பலூர்ல ஒரு லாரிக்காரனோட இருக்காளாம். ஓடுகாலிக்கு இம்புட்டு வக்காலத்தா?”

“ஓடுறதுக்கு அவளுக்குக் குதிங்கால் ஏதுடி?”

குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் எங்களுக்குள் இந்தச் சண்டைதான். ஜெயக்கொடி எனக்கு அடுத்த வீடு. இப்போது சம்பந்தியும்கூட. அவள் மகளைத்தான் என் மகன் நல்லகாமன் இரண்டாவதாகக் கட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கிறது. ஆனாலும் என் அடுப்பு தனி. ஒரே முற்றத்தில் இரண்டு இடத்தில் புகை போகிறது. ஏன் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் நான் சொல்கிறபடியே எழுத வேண்டும், மகனாச்சே என்று எதையும் தணித்துப் போட வேண்டாம்.

முதலில் அந்த லாரிக்காரன் கதையை முடித்துவிடுகிறேன். கப்பலூருக்கு நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில், சூடு ஆறிய குடத்துக்கு வாயோரம் சீவிவிடுகிற வேலை என் மூத்த மருமகள் இருளாயிக்கு. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் காலுக்குத் தொந்தரவில்லை. லாரிக்காரன் என்று இவர்கள் சொல்லுகிறவர் குடம் ஏற்றிப் போக வருகிற ஒரு கிழவர். மூக்குப்பொடியும் தும்மலுமாக இருக்கிறார். அவரோடு ஓடுவதென்றால் அவரைத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

துரும்பு விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் பக்கத்தில், புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் பெரியவர்கள் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பைக் கையில் கொடுப்பார்கள். கொடுத்தவர் விட்டார், வாங்கியவர் விடப்பட்டார். இதைத்தான் தீத்துவிடுறது என்போம். அதற்குமேல் பேச்சில்லை. இப்போது கோர்ட்டு, வக்கீல் என்று வந்துவிட்டாலும் ஊருக்கு அந்தத் துரும்புதான் கணக்கு.

இருளாயி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் தேய்த்த கருங்கல் மாதிரி இருப்பாள். அப்படி ஒரு கருப்பு, அப்படி ஒரு மினுமினுப்பு. பெற்றவர்கள் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. நடையென்றால் நடை! சந்தைக்குச் சேர்ந்து கிளம்பினால் நான் பாதி வழியில் இருக்கும்போதே அவள் கத்தரிக்காய்க்காரனோடு பாதிச் சண்டையை முடித்திருப்பாள். என் மகன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பான். கல்யாணமான புதிதில் அவள் களையெடுக்கிற வயலுக்கு வேலையில்லாமலேயே போய் வரப்பில் உட்கார்ந்திருப்பான். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பத்திலேயே கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இந்த வயிற்றெரிச்சல் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்த வருஷம் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. கூடமாட உதவிக்கு மலையம்மாள் என்று காலனிப் பெண் ஒருத்தி. முட்டை போடுகிற நாளில் பள்ளிக்கூடத்துச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். பிள்ளை பெறாத குறையை அங்கே தீர்த்துக்கொள்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். அவள் காதில் விழுந்தபோது, “ஒண்ணு பெத்திருந்தா ஒண்ணுக்குத்தான் சோறு போட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு முந்தியே அவள் இடது குதிகாலில் ஒரு கருவேல முள் ஏறியிருந்தது. முள்ளை எடுத்துவிட்டு, வழக்கம்போல நல்லகாமன் சேராங்கொட்டையை ஊசியில் குத்தி விளக்கில் காட்டி, சொட்டிய எண்ணெயை அந்த இடத்தில் வைத்துச் சுட்டான். எங்கள் பக்கத்தில் எல்லோர் காலிலும் அந்தச் சூடு இருக்கும், அதன் கறுப்புக் கறையும் இருக்கும். வண்ணார் துணிக்குக் குறி வைக்கிற கொட்டை அது. லேசில் போகாது. அதனால் இருளாயியின் குதிகாலில் இருந்த கறுப்பை யாரும் கவனிக்கவில்லை. கறை என்றே நினைத்தோம். அது மெல்லப் பெரிதாகி, ஓரம் நெளிந்து, மையைக் கொட்டினாற்போலப் பரவியபோதும், “சேராங்கொட்டை நல்லா இறங்கியிருக்கு” என்று ஜெயக்கொடிகூடச் சொன்னாள்.

பிறகு அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, அவளுக்குக் கால் ஊன்ற முடியவில்லை. கண்மாய்க் கரை நெடுக அவளை என் மகன் முதுகில் சுமந்துதான் பஸ்ஸுக்குக் கொண்டு போனான். வழியில் பார்த்தவர்கள் கேலி பேசினார்கள்.

“என்ன மாப்ள, மூட்டை பலமா இருக்கு?”

“எம்மூட்டை. நான் சுமக்கேன். ஒனக்கென்ன மாமா?” என்றான்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அது கறை இல்லை, கெட்ட கட்டி என்றார்கள். குதிகாலில் உள்ளங்கை அளவு சதையையும் தொடையிடுக்கிலிருந்த நெறியையும் எடுத்தார்கள். நல்லகாமன் தினமும் கோரிப்பாளையத்திலிருந்து டீயும் பன்னும் வாங்கி வருவான். அவள் முகம் சுளித்தால் இவனுக்குக் கண் கலங்கும். நுனிக்காலை மட்டும் ஊன்றி, சாய்ந்து சாய்ந்து நடக்கிற நடையோடு அவள் வீடு வந்து சேர்ந்தாள். நடந்தாளே, அது போதும் எங்களுக்கு.

வேலைக்கும் திரும்பப் போனாள். சில மாதம் கழித்து, சோறு வடிக்கும்போது அவள் விரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிற மாதிரி பார்த்தேன். துடைத்தாள், போகவில்லை. பிறகு உதட்டோரம், கண்ணைச் சுற்றி, முழங்கை என்று வெளுத்துக்கொண்டே வந்தது. ஊர் சும்மா இருக்குமா?

“பேரு இருளாயி, ஆளு வெள்ளையம்மா!” என்று குழாயடியில் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்ச நாளில் நின்றுபோயிற்று. அவள் தொட்ட குடத்தை இரண்டு தடவை கழுவ ஆரம்பித்தார்கள். அது சிரிப்பைவிட மோசம்.

மறுபடி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவளும் நானும் என் மகனும். இந்த மூன்று பேர்தான் அந்த அறையில் இருந்தோம். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்த டாக்டரம்மா அவள் கையைத் தன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயப்படுவார் என்று பார்த்தால் அவர் முகத்தில் சந்தோஷம்.

“இருளாயி, வெளுக்குதேன்னு அழுதியா?”

“ஊரு அழ வைக்குதுங்கம்மா.”

“நான் சொல்றதைக் கேளு. நீ உங்கம்மா வயித்துல பூச்சி மாதிரி இருந்தப்ப உன் முதுகு மூடாம, நடுவுல வாய்க்கால் மாதிரி திறந்து இருந்துச்சு. அப்புறம் வகிடு எடுத்த மாதிரி ஒட்டிக்கிச்சு. அந்த வகிட்டு ஓரத்துல இருந்து ஒரு கூட்டம் வித்துங்க கிளம்பி உடம்பு பூரா நடந்து போச்சு. சிலது நரம்பாச்சு. சிலது தோலுக்குள்ள போய் உட்கார்ந்து உனக்குக் கருப்பு நிறம் கொடுத்துச்சு. அப்படிக் குதிகாலுக்குப் போன ஒண்ணுதான் கெட்டுப்போய்க் கட்டியாச்சு. புரியுதா?”

“கருப்பு குடுக்கிற வித்துதான் கெட்டுச்சாக்கும்?” என்று நான் கேட்டேன்.

“ஆமா பாட்டி. நம்ம ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்க. வெளியில இருந்து கிருமி வந்தா உடனே பிடிச்சிருவாங்க. ஆனா இது வெளியாள் இல்ல, சொந்த சதை. பார்க்க நம்மாள் மாதிரியே இருக்கும். அதனால பல பேருக்குக் காவக்காரங்க ஏமாந்து விட்டுருவாங்க. இவ உடம்பு ஏமாறல, அடையாளம் கண்டுக்கிச்சு. கண்டுக்கிட்டு, அதோட சாயல்ல இருக்கிற நல்ல வித்துகளையும் சேர்த்து அடிக்குது. அதான் நிறம் போகுது.”

என் மகன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப இது குட்டம் இல்லீங்களாம்மா? ஒட்டாதா?” என்று கேட்டது அவன்தான்.

“குட்டம் இல்ல. யாருக்கும் ஒட்டாது. இவ சமைக்கலாம், பிள்ளைங்களைத் தொடலாம். கட்டி திரும்ப வரவே வராதுன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா இப்படி வெளுக்கிறவங்கள்ல சில பேர் நல்லா இருக்காங்கன்னு படிச்சிருக்கோம். ஊர்ல யாராவது கேட்டா, உடம்பு சண்டை போடுதுன்னு சொல்லுங்க.”

“சொல்லிர்றேம்மா” என்றான் நல்லகாமன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

எனக்கு அந்த விஷயம் உடனே பிடிபட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. எங்கேயோ எவனோ களவாண்டதற்கு, எங்கள் பக்கத்து ஆம்பளைகளை மொத்தமாகக் களவாணி என்று எழுதி, கைரேகை வாங்கி, பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் வாசலில் வந்து படுக்க வேண்டும் என்றார்கள். என் அய்யாவும் போய்ப் படுத்தார். அடுத்தவர் வேலியில் ஒரு குச்சி ஒடித்து அறியாத மனிதர் அவர். இருளாயியின் கருப்பும் அப்படிப் போய்ப் படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அவளிடம் அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அப்ப என் ஒடம்புக்குள்ள வெள்ளைக்காரன் ஆட்சின்னு சொல்லுங்க அத்தை!”

நல்லகாமன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். களைப்பு என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் நான் வீடு வீடாகச் சொன்னேன். கிழவிக்கு என்ன தெரியும், எழுதப் படிக்கத் தெரியாதவள் டாக்டர் மாதிரிப் பேசுகிறாள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் தட்டோடு வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குத் திரும்பிப் போயின. கடைசியில் காலனிப் பிள்ளைகள் மட்டும் வரிசையில் உட்கார்ந்திருந்தன. மலையம்மாள் இருளாயி கையால் ஒரு உருண்டைச் சோறு வாங்கி, எல்லோரும் பார்க்கத் தின்றாள்.

“என் கையி தொட்டா ஆகாதும்பாக. இப்ப ஒங்க கையும் ஆகாதாக்கும்?” என்று கேட்டுச் சிரித்தாள். “வாங்க தாயி, எங்க பக்கம் எடம் நெறையக் கெடக்கு.”

அந்தப் பேச்சு ஊருக்குள் வந்தபோது இன்னும் பற்றிக்கொண்டது. கருப்பு சாமி கோவில் களத்தில் கூட்டம் போட்டார்கள். சமையல் வேலையில் அவள் இருக்கலாமா, வீட்டு அடுப்படியில் அவள் புழங்கலாமா என்பதுதான் பேச்சு. பெரியவர் காசிமாயன் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி. நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுப்பு முடிந்த நேரம், களமெல்லாம் வைக்கோல் சிதறிக் கிடந்தது. இருளாயி ஒரு காலில் சாய்ந்து என் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பயமே இல்லை. “அவரு சொல்லுவாரு அத்தை. ஆம்பள சொன்னா கேப்பாக” என்று என் காதில் சொன்னாள்.

ஜெயக்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். இது இவள் ஆத்தா வழியில் வந்த வியாதி, மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். நான் காசிமாயன் பக்கம் திரும்பினேன்.

“கொழுந்தனாரே, நான் ஒண்ணு கேக்கேன். ரேகைச் சட்டத்துல ஒங்க அய்யா ஸ்டேஷன்ல படுத்தாரா இல்லையா?”

“படுத்தாரு மதினி. அதுக்கென்ன இப்ப?”

“அவரு களவாணியா?”

காசிமாயன் மீசையைத் தடவினார்.

“ஒருத்தன் செஞ்ச குத்தத்துக்கு அம்புட்டுப் பேரும் போய்ப் படுத்தாக. இவ ஒடம்புலயும் அதுதான் நடந்திருக்கு. கெட்ட கட்டியை அடிக்கிறேன்னு அதோட சொந்தபந்தத்தையும் சேத்து அடிக்குது ஒடம்பு. டாக்டரம்மா சொன்னாக. குட்டம் இல்ல, ஒட்டாதுன்னாக.”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனம் இளகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. காசிமாயன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “மதினி சொல்றது ஞாயமாத்தான் படுது. ஆனா பொம்பள பேச்சை மட்டும் வச்சு முடிக்க முடியாது. நல்லகாமா, நீயும் கூட இருந்தேல்ல? டாக்டரு இப்புடிச் சொன்னாகளா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே என் பேரனை இவ கையால சாப்பிட அனுப்புறேன்.”

ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் அவளுக்கு வீடும் வேலையும் நிலைக்கும். ஒட்டாதா என்று கேட்டவன் அவன், டாக்டரம்மா சொன்னார், சொல்லிவிடுகிறேன் என்றவனும் அவன்தான். அதை இங்கே எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நல்லகாமன் தரையைப் பார்த்தான். பிறகு ஜெயக்கொடி பக்கம் பார்த்தான். அவள் பின்னால் அவள் மகள், பூவும் பொட்டுமாக நின்றுகொண்டிருந்தது.

“அப்புடியெல்லாம் ஒண்ணும் சொல்லல சித்தப்பா. ஆத்தாவுக்கு வயசாயிருச்சு. டாக்டரு மருந்து எழுதிக் குடுத்தாக, அம்புட்டுத்தான்.”

அந்நியன் வீட்டுக்குள் வந்தால் நாய்கூடக் குரைக்கும். இவன் என் பால் குடித்தவன். அவளை முதுகில் சுமந்தவன். எப்போது மாறினான், எந்த ராத்திரி, எந்தச் சோற்றில் மாறினான் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உடம்பு தன் சதையில் கெட்டதை அடையாளம் கண்டது. பத்து மாதம் சுமந்த நான் என் மகனை அடையாளம் காணவில்லை.

“டேய், கருப்பு வாசல்ல நின்னு பேசுற” என்றேன்.

“பேசாம இருத்தா” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காசிமாயன் பெருமூச்சு விட்டார். “அப்பச் சரி. புருசனே சொல்லிட்ட பெறகு நாங்க என்ன செய்ய? நல்லகாமா, வச்சுக்கிறதுன்னா வச்சுக்க. வேணாம்னா துரும்பைக் குடுத்து முடி.”

நல்லகாமன் குனிந்தான். குனிந்தது துரும்பு எடுக்கத்தான். கூட்டமே பார்த்தது, ஜெயக்கொடியும் பார்த்தாள். அவன் விரல் தரையில் படுவதற்குள் இருளாயி அந்த ஒற்றைக் காலில் சாய்ந்து சாய்ந்து போய் அவன் முன்னால் நின்றாள். களத்திலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை எடுத்தாள். அவன் கையைப் பிடித்து, விரலைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவள் வெளுத்த விரலும் அவன் கருத்த விரலும் கொஞ்ச நேரம் ஒன்றாக இருந்தன.

“நான் குடுத்துட்டேன்” என்றாள் பெரியவர்களைப் பார்த்து. “ஞாபகம் வச்சுக்கங்க. நான்தான் குடுத்தேன்.”

பொம்பளை கொடுத்தால் செல்லுமா என்று ஒருவர் இழுத்தார். “வாங்கிட்டானேப்பா” என்றார் காசிமாயன். என் மகன் கை மூடியபடியே இருந்தது. இதுதான் ஜெயக்கொடி, நடந்தது. நீ அங்கேதான் நின்றாய்.

வீட்டுக்கு வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். உச்சி வெயில், தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவள் அழவில்லை. காலையில் ஊறப்போட்ட உளுந்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“அத்தை, இது புளிச்சுப் போகும். சாயங்காலத்துக்குள்ள ஆட்டிருங்க.”

“உளுந்து நாசமாப் போகட்டும். நானும் வாரேன்.”

“எங்கிட்டு?”

“நீ எங்கிட்டுப் போறியோ அங்கிட்டு.”

“எனக்கே தெரியலையே அத்தை. மலையம்மா அண்ணன் கப்பலூர்ல கம்பெனியில இருக்காராம், கேட்டுப் பாக்கேன்னா. நான் ஒரு எடம் பாத்துக்கிட்டுச் சொல்லி விடுறேன். அதுவரைக்கும் இங்க தனியா ஒல வச்சுச் சாப்பிடுங்க.”

அன்றைக்கு வைத்த உலைதான் எனக்கு இன்றைக்கும்.

ஒரு பையில் இரண்டு சேலையையும் ஆஸ்பத்திரி மருந்தையும் வைத்துக்கொண்டாள். நிலைப்படிக்கு வந்தபோது நல்லகாமன் முற்றத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது. பொய் சொன்ன வாய் இப்போது வேறு குரலில் பேசியது.

“பஸ்ஸுக்கு அம்புட்டுத் தூரம் எப்புடி நடப்ப? காலு தாங்காது. ஏறிக்க, நான் கொண்டாந்து விடுறேன்.”

இருளாயி அவனைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. சந்தைக்குப் போகிற வழியில், முன்பின் தெரியாத ஒருவன் வண்டியை நிறுத்திக் கேட்டால் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தாள்.

“வேணாம்ணே” என்றாள். “நான் நடந்துக்கிறேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நுனிக்காலை ஊன்றி வாசல்படியைத் தாண்டினாள்.